மெரிடாவில் ரொட்டி வாங்கப் போன நாள்

மெரிடா நகரத்துச் சதுக்கத்தில் வெள்ளைச் சீமெந்து இருக்கைகள் இருந்தன. இரண்டு பேர் முகம் பார்த்து உட்காரும்படி வளைத்துக் கட்டியவை. குவைத்தில் நான் வேலை செய்த வீட்டு மேடமும் நானும் முதன்முதலாகச் சரிசமமாக உட்கார்ந்தது அதில்தான்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. மேடத்தின் மகள், கணவரின் வேலை காரணமாக மெக்சிகோவின் இந்த மெரிடாவில் இருந்தாள். அவளுடைய பிள்ளைப்பேற்றுக்குப் புறப்பட்டபோது மேடம் என்னையும் கூட்டிப்போனார். இலங்கையின் ஹட்டனிலிருந்து குவைத்தின் ஃபஹாஹீலுக்கு வேலைக்கு வந்த நாள் முதல் நான் தனியாக வெளிவாசலைத் தாண்டியதில்லை. வாசல் சாவியும் என் பாஸ்போர்ட்டும் மேடத்திடம் இருந்தன. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சாப்பாட்டில் குறை வைத்ததில்லை, கை ஓங்கியதில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண் ஓடிப்போனதிலிருந்து அவருக்குப் பயம்.

மெரிடாவில் வெயில் குவைத்தைப் போலவே அடித்தது. ஆனால் தெருக்களில் அவசரமே இல்லை. மஞ்சளும் நீலமுமாக ஸ்பானியர் காலத்து வீடுகள், உயரமான மரக்கதவுகள். மத்தியானத்தில் தேவாலய மணியைத் தவிர வேறு சத்தம் கேட்காது. அந்த ஊர்ப் பாஷை எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. மாலையில் அந்தச் சதுக்கத்து இருக்கையில் பேச்சுத்துணைக்கு அவருக்கு நான்தான்.

ஒருநாள், பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் மேடம் என்னை ரொட்டி வாங்க அனுப்பினார். வாங்கிய பிறகு உடனே திரும்ப மனம் வரவில்லை. கால் போன போக்கில் நடந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. இப்படியே போய்விட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஊரில் அக்காவிடம் விட்டுவந்த மகளின் முகம் நினைவுக்கு வந்தது. திரும்பினேன்.

மேடம் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். அழுதிருந்தார். நானும் போய்விட்டதாக நினைத்தாராம்.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, தெரிந்த அரபியில் சொன்னேன். "ஓடணும்னா இங்கயே ஓடியிருப்பேன் மேடம். வந்துட்டேன்ல. குவைத்துலயும் வெள்ளிக்கிழமையில என்னைய வெளிய விடுங்க."

அவர் ரொட்டிப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அங்கிருந்தவரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

குவைத் திரும்பியபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை காலை, வெளிவாசலைத் திறந்துவைத்து, "யல்லா, கிளம்பு, இருட்டுறதுக்கு முன்ன வந்துரு" என்றார்.

ஃபஹாஹீல் கடைத்தெருவில் எங்கள் மலைநாட்டுப் பெண்கள் சிலரைக் கண்டேன். கடற்கரையில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தோம்.

இன்று என் மகள் நினைத்தபோது வெளியே போய் வருகிறாள். மேடத்தைப் பிடிக்குமா என்று அவள் கேட்டால் அந்த முதல் வெள்ளிக்கிழமையைச் சொல்வேன். அன்று மாலை நான் திரும்பி வந்ததும், யாரையெல்லாம் பார்த்தாய் என்று மேடம் கேட்டார். அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. சொல்வதற்கு எனக்கும் ஆட்கள் இருந்தார்கள்.