இல்லாதவளுக்கு ஒரு கல்

செத்துப்போனவர்கள் மீது வெல்டா கில்பினுக்கு அப்படி ஒரு கோபம். கல்யாணம் செய்துகொள்வார்கள், பிள்ளை பெறுவார்கள், நிலம் வாங்குவார்கள், விற்பார்கள். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுப் போகத் தெரியாது. எழுதி வைத்த புண்ணியவான்களின் காகிதம் நீதிமன்றத்தோடு சேர்ந்து எரிந்து போயிருக்கும். தெற்கு இண்டியானாவில் அவளுடைய மாவட்டத்து நீதிமன்றம் ஒன்றல்ல, இரண்டு முறை எரிந்தது. "முதல் தடவை எரிஞ்ச பிறகாவது பக்கத்துல ஒரு வாளி தண்ணி வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்பாள், ஏதோ போன வாரம் நடந்ததைப்போல.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் வெல்டா. அவள் வயதுப் பெண்கள் தேவாலயத்துக் கீழ்த்தள அறையில் உட்கார்ந்து ஒட்டுப்போர்வை தைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடாத வெல்டா கில்பின்களைத் தேடினாள். கணவர் மெர்ல் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். அவள் ஏதாவது ஓர் ஆவணக் காப்பகத்துக்குள் போய்விட்டால் வண்டியிலேயே உட்கார்ந்து வானொலியில் பேஸ்பால் வர்ணனை கேட்பார். "உசிரோட இருக்கற கில்பின்களையே என்னால சமாளிக்க முடியல. இவ செத்தவங்களையும் வீட்டுக்கு இழுத்துட்டு வர்றா" என்பார். சொல்வாரே தவிர, ஒருநாளும் வரமாட்டேன் என்றதில்லை.

அவள் பிடித்துக்கொண்டது ஏமோஸ் கில்பினை. உழவர். ஒன்பது பிள்ளைகள். அதில் ஏழாவது பிள்ளைதான் வெல்டாவின் கொள்ளுத்தாத்தா. ஏமோஸைப் பற்றி நிறையக் கிடைத்தது. ஆண்களைப் பற்றி எப்போதும் நிறையக் கிடைக்கும். அவருடைய பன்றிகளைப் பற்றிக்கூடக் கிடைத்தது. மனைவியைப் பற்றித்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. 1850ஆம் வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏமோஸின் வீட்டில் கெசையா என்று ஒருத்தி, வயது இருபத்து நான்கு. 1860இல் அதே வீட்டில் மெலிண்டா என்று ஒருத்தி, வயது இருபத்தைந்து. யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதும் வழக்கம் அந்தக் காலத்துக் கணக்கெடுப்பில் கிடையாது. கல்யாணப் பதிவு தீயில் போயிற்று.

வெல்டா யோசித்தாள். கெசையா மெலிண்டா என்று இரண்டு பெயர் கொண்ட ஒரே பெண்ணாக இருக்கும் என்று முடிவுகட்டினாள். இரண்டு பெயர் இல்லாதவர்கள் அந்தப் பக்கத்தில் யார்? பத்து வருடத்தில் ஒரு வயதுதான் கூடியிருக்கிறதே என்று மெர்ல் கேட்டதற்குச் சிரித்தாள். "எந்தப் பொம்பளை கணக்கெடுக்க வந்தவன்கிட்ட சரியான வயசைச் சொல்லியிருக்கா?" என்றாள். குடும்ப மரங்களை ஏற்றும் இணையதளத்தில் "கெசையா மெலிண்டா, ஒன்பது பிள்ளைகளின் தாய்" என்று ஏற்றிவிட்டு, அன்றைக்கு மெர்லுக்குப் பிடித்த பீச் பழப் பை பலகாரம் செய்தாள்.

அது நடந்து வருடங்களாயிற்று. இந்த வசந்த காலத்தில் பக்கத்து மாவட்டத்தில், ஆதரவற்றவர்களைக் கொண்டுவந்து விட்ட பழைய ஏழைப் பண்ணையின் பதிவேட்டைப் பார்க்கக் கிடைத்தது. அங்கே கில்பின் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் புரட்டினாள். இருந்தாள். மெலிண்டா கில்பின், விதவை. இறந்துபோன அக்காள் கெசையாவின் கணவனை மணந்தவள். அக்காள் பெற்றது மூன்று, இவள் பெற்றது ஆறு, ஒன்பதையும் வளர்த்தவள். ஏமோஸ் இறந்ததும் நிலம் மூத்த தாரத்து மகன்களுக்குப் போயிற்று. கொண்டுவந்து விட்டவர் என்ற இடத்தில் மூத்த மகனின் பெயர். அங்கேயே இறந்திருக்கிறாள். புதைத்த இடத்தில் பெயர் இல்லை, எண் குத்திய சிறு கல் மட்டும்.

வெல்டாவுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தன் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவளை அநாதையாகக் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறார்கள். அது போதாதென்று, கணக்கெடுப்பில் தனியாக நின்ற அவள் பெயரையும் தானே எடுத்து இன்னொருத்தியின் பெயருக்கு வாலாக ஒட்டிவிட்டாளே. கெசையா மெலிண்டா என்று ஒரு பெண் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. அவளைப் பெற்றது வெல்டாதான்.

அந்தப் பிறக்காத பெண்ணுக்குத்தான் கில்பின் குடும்பச் சங்கம் கல்லறைக் கல் செய்யச் சொல்லியிருந்தது. ஆகஸ்ட் மாதக் குடும்பக் கூடுகையில் திறப்பு. சங்கத் தலைவர் டாரல் கில்பின், டிராக்டர் வியாபாரி, மூத்த மகனின் வழிவந்தவர். வெல்டா அவர் கடைக்கே போனாள்.

"டாரல், அந்தக் கல்லை நிறுத்தணும். அது ஒருத்தி இல்ல, ரெண்டு பேரு."

"கல்லு வெட்டியாச்சே வெல்டா."

"வெட்டினா என்ன? வேற வெட்டச் சொல்லு. மெலிண்டா பேரு தனியா இருக்கணும்."

டாரல் கதையைக் கேட்டார். மூத்த மகன் பெயர் வந்த இடத்தில் காதைச் சொறிந்துகொண்டார். "இங்க பாரு, இதெல்லாம் எப்பவோ நடந்தது. எங்க தாத்தாவோட அப்பா சித்தியைக் கொண்டுபோய் ஏழைப் பண்ணையில தள்ளினாருன்னு நான் கூட்டத்துல நின்னு வாசிக்கணுமா?"

"வாசிக்க வேணாம். பேரை மட்டும் வெட்டு."

"நீ ஒருத்திதான் இப்படிச் சொல்றே. இணையத்துல பாரு, எத்தனை பேரு கெசையா மெலிண்டான்னு போட்டிருக்காங்க. அத்தனை பேரும் முட்டாளா?"

வெல்டா வீட்டுக்கு வந்து பார்த்தாள். அத்தனை பேரும் போட்டிருந்தார்கள். ஓரெகானில், டெக்சாஸில், பார்த்தறியாத கில்பின்கள் எல்லாம் கெசையா மெலிண்டாவை மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒருவர் அவளுக்கு ஒரு படம்கூட வைத்திருந்தார். யாரோ பாவம், தொப்பி போட்ட ஒரு கிழவி. வெல்டா தன் மரத்தைத் திருத்தினாள். மற்றவர்களுக்கெல்லாம் பணிவாக எழுதினாள். பாதிப் பேர் பதில் போடவில்லை. ஓரெகான்காரர் போட்டார்: அம்மணி, இதை இண்டியானாவைச் சேர்ந்த அனுபவமுள்ள ஆராய்ச்சியாளர் ஒருவர் என்றைக்கோ உறுதிசெய்துவிட்டார், தயவுசெய்து குழப்பாதீர்கள். கீழே அந்த ஆராய்ச்சியாளரின் பெயர். வெல்டா கில்பின்.

"அது நான்தான்யா" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். மெர்ல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அந்த வெல்டா நான்தான் என்று அந்த ஆளுக்கு மறுபடி எழுதினாள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது சகஜம் என்று அவர் அவளுக்கே பாடம் எடுத்தார்.

கூடுகை நாளில் நல்ல வெயில். பூங்காக் கொட்டகையில் வறுத்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், கடுகு போட்ட முட்டை எல்லாம் மூடி வைத்திருக்க, எல்லோரும் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நின்றார்கள். துணி போர்த்திய கல்லின் முன்னால் டாரல் பேசினார். "இதுக்கெல்லாம் காரணம் நம்ம வெல்டா. அவ தேடலன்னா நமக்கு இந்தப் பாட்டியே கிடைச்சிருக்க மாட்டா. வா வெல்டா, துணியை நீயே எடு."

கைதட்டினார்கள். வெல்டா போனாள். துணியைத் தொடாமல் திரும்பி நின்று சொன்னாள்: "இப்படி ஒருத்தி கிடையாது. நான் பண்ணின தப்பு. உங்கள்ல பாதிப் பேரோட பாட்டி மெலிண்டா. அவ பக்கத்து மாவட்டத்துல நம்பர் போட்ட கல்லுக்குக் கீழ கிடக்கறா. அவளை இங்க கொண்டுவந்து சேர்க்க வேண்டியது நாமதான்..." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

ஒரு கைக்குழந்தை அழுதது. டாரல் அவள் தோளில் கைவைத்து, "மனசு ரொம்ப நெகிழ்ந்துட்டா" என்று கூட்டத்துக்குச் சொன்னார். அவளிடம் மெதுவாக, "ஜனங்க பசியா இருக்காங்க வெல்டா. முட்டை வேற வெயில்ல கெட்டுப்போகும்" என்றார். துணியை அவரே இழுத்தார். சாம்பல் நிறக் கிரானைட்டில் எழுத்துகள் அழகாகத்தான் இருந்தன. எல்லோரும் முறைவைத்துக் கல்லோடு நின்று படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

வெல்டா சாப்பிடவில்லை. மெர்ல் கோழியைத் தட்டில் போட்டு வண்டிக்குக் கொண்டுவந்தார். வழியில், "அடுத்த வாரம் அந்த ஏழைப் பண்ணைக்குப் போலாம். ஒரு சின்னக் கல்லுன்னா நாமளே வைக்கலாம்" என்றார். அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தபோது இணையதளத்திலிருந்து ஒரு செய்தி காத்திருந்தது. உங்கள் குடும்பத்துக்குப் புதிய ஆதாரம் கிடைத்திருக்கிறது, வாழ்த்துகள். கீழே கல்லின் படம், யாரோ மத்தியானமே ஏற்றிவிட்டிருந்தார்கள். இவர்தான் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாயா? ஆம், இல்லை. வெல்டா இல்லை என்பதை அழுத்தினாள். பதிலுக்கு நன்றி, உங்கள் உறவினர்கள் மற்ற எல்லோரும் ஆம் என்று சொல்லியிருக்கிறார்கள், மீண்டும் ஒருமுறை பரிசீலிக்கிறீர்களா என்று கேட்டது.

"என்னவாம்?" என்றார் மெர்ல்.

"ஆதாரம் இருக்காம்" என்றாள் வெல்டா. "கல்லுலயே இருக்காம்."