என் தம்பி சொன்ன ஆழம்

முதலாண்டு நினைவு நாளில் எங்கள் கொச்சங்காடி வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! எழுபத்தோரு வயதில் மறைந்தவரை இந்த நினைவு மலரில் ‘அவன்’ என்று எழுதுகிறேன். நான் நான்கு வயது மூத்தவன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்தான். ஐவரில் கடைசி. ஒன்பது வயதில் அப்பாவை இழந்தான். நிலவியல் படித்து, மேற்குக் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலில் சேர்ந்தான். துளைக்கும்போது சேற்றோடு மேலே வரும் கல்துகள்களைக் கழுவி, எண்ணெய்த் தடம் பார்த்து, ஆழம் எழுதிய சீட்டோடு துணிப்பையில் கட்டுவது அவன் பணி.

ஒரு நாள் துகளில் எண்ணெய் தெரிந்தது. துளைக்கருவி அப்போது இருந்த ஆழத்தையே எழுதச் சொன்னார் மேலதிகாரி.

“சார், கல்லு மேல வர அம்பது நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள கருவி இருபது மீட்டர் கீழ போயாச்சு. அதைக் கழிக்கணும்.”

“மாஷோட தம்பிதானே நீ? கணக்கெல்லாம் அண்ணன்கிட்ட போய்ப் போடு!”

மாஷ் என்றால் வாத்தியார்; நான் முப்பத்திரண்டு ஆண்டு கணக்கு ஆசிரியராக இருந்தவன். கப்பலே சிரித்ததாம்.

அதிகாரி சொன்ன ஆழத்தில் சோதித்தார்கள், தண்ணீர் வந்தது. கிணற்றை சிமெண்ட் இட்டு மூடினார்கள். ஆழத்தைத் தவறாகச் சொன்னவன் தம்பி என்று அவர் அறிக்கை எழுதினார். தம்பி கரையில் குழாய்க் கிடங்குக்கு மாற்றப்பட்டான். மூன்றாம் ஆண்டு வேறொரு குழு, அதிகாரி சொல்லியும் கேளாமல் சரியான ஆழத்தையே அவன் எழுதிப் பைகளில் கட்டியிருந்த சீட்டுகளைப் படித்து, பக்கத்திலேயே தோண்டி, அதிகாரி சொன்ன ஆழத்துக்கு இருபது மீட்டர் மேலே கிணற்றைத் திறந்தது. எண்ணெய் பொங்கியது.

இன்று அது பெரிய எண்ணெய் வயல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது, எரிவாயு உரமாகிறது, வெளிநாட்டில் வாங்குவது அந்த அளவு குறைந்தது. உங்களில் பதினான்கு வீடுகளுக்கு அதை நம்பிய வேலை உண்டு, எண்ணிவிட்டேன். கண்டுபிடித்ததற்கான பதக்கம் அதிகாரிக்கு. தம்பிக்குப் பதினொரு ஆண்டு கிடங்கு.

“எண்ணெய் வந்துதே அண்ணா, அது போதும்,” என்றான் கடைசி நாட்களில். எனக்குப் போதாது.

இந்த மலருக்கு அதிகாரி திருப்பூணித்துறையிலிருந்து இரங்கலுரை அனுப்பினார்: “தவறுகளிலிருந்து பாடம் கற்ற ஊழியர்.” நான்கே சொற்கள்.

“போட்டும் அண்ணா, இந்த நாள்ல சண்டை எதுக்கு?” என்றாள் தம்பி மனைவி.

“சண்டை இல்லம்மா. கழித்தல் கணக்கு.”

அதிகாரியின் உரைக்கு ஒதுக்கிய பக்கத்தில்தான் இதை அச்சிட்டிருக்கிறேன்.

மருத்துவமனையில் பத்தொன்பது நாள் முறை வைத்துத் துணையிருந்த ஏழு பேருக்கும், தோள் கொடுத்த நால்வருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அதிகாரிக்கு நான்கு பிரதிகள் அனுப்பியாயிற்று: அவருக்கு ஒன்று, பிள்ளைகள் மூவருக்கு மூன்று. பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராதாம். இதே பக்கத்தை மலையாளத்திலும் அச்சடித்து உள்ளே வைத்திருக்கிறேன்.