முனை ஒடிந்த கத்தி

டெல்லி கரோல் பாக்கில் ஒரு பாத்திரக் கடையில் என் முதல் கத்தியை வாங்க நின்றிருந்தேன். காய், பழம், கோழி எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி போதும், பல வருடம் உழைத்தால் சரி என்றேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டி, இந்தியில் சொன்னார்: "இதால டப்பா மூடிய மட்டும் நெம்பாதீங்க மேடம், முனை போயிடும்."

எனக்கு முகம் சுட்டது.

பல வருடங்களுக்கு முன்பு, எனக்கு ஒன்பது வயது. தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் குடியிருந்தோம். லீவு நாட்களில் அம்மா தான் சமைக்கும் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போவாள். நெய்யில் சீரகம் பொரியும் வாசனை அந்தச் சமையலறையை விட்டுப் போகவே போகாது. அங்கேதான், வீட்டுக்கார அம்மாவான மேம்சாப் ஆசையாக வைத்திருந்த கத்தியால் பிஸ்கட் டப்பாவை நெம்பினேன். முனை டக்கென்று ஒடிந்தது.

"யார் செஞ்சது?" என்று மேம்சாப் கேட்டதும் நான் முந்திக்கொண்டேன். "அம்மாதான்."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "ஆமா மேம்சாப், கை தவறிடுச்சு" என்றாள்.

மறுநாளே சமையலுக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். அதே வீட்டில் அம்மா தரை துடைத்தாள்.

கத்தி ஒடிந்த அன்று வீடு திரும்பும் வழியில் அடி விழும் என்று பயந்துகொண்டே நடந்தேன். நாலா என்கிற அந்தச் சாக்கடைக் கால்வாய் ஓரம் வந்ததும் அம்மா கேட்டாள்: "பிஸ்கட்டாவது தின்னியா பாப்பா?"

கத்தியோடு கடையை விட்டு வெளியே வந்தபோது அம்மாவின் போன் வந்தது.

"என்ன வாங்குன?"

கத்தி இருந்த பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"தட்டும்மா" என்றேன்.