அட்டையில் இல்லாத ஓட்டை

ஆஸ்பத்திரி ரிக்கார்டு ரூம் குமாஸ்தாவிடம் நோயாளி ஆளாக வரமாட்டார், கேஸ் ஷீட்டாகத்தான் வருவார். அதுவும் டாக்டர் கையெழுத்தில். காகிதத்தோடு குப்பை கொட்டியவர்களுக்கு என் அலுப்பு புரியும். எழுபதுகளில் ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த உத்தியோகம்.

ஸ்வெட்டர் ஊசி

எங்கள் ஆபரேஷன் வார்டில் புண்கள் அடிக்கடி சீழ் வைத்தன. எர்ணாவூர் ஃபேக்டரியில் விரல் நசுங்கி வந்தவர் கையையே இழந்து போவார். எங்கிருந்து தொற்றுகிறது என்று கண்டுபிடிக்க, பெரிய டாக்டர் ஒரு கட்டு அட்டை அச்சடித்துக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கேள்வி: காய்ச்சலா, சீழா, எந்த நர்ஸ், எந்த ஆயா. ஆமாம் என்றால் அந்த ஓட்டையை ஓரம்வரை வெட்டிவிட வேண்டும். பிறகு அட்டைகளைக் கட்டாக அடுக்கி அந்த ஓட்டையில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை விட்டுத் தூக்கினால், வெட்டிய அட்டைகள் மட்டும் கீழே விழும். ராயபுரம் வெக்கையில் ஸ்வெட்டர் ஊசியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெட்டுகிறவன் நான். ஷீட் ஷீட்டாகப் படித்து வெட்டியதில் கட்டைவிரல் காய்த்துப் போனது. பெரிய டாக்டர் சொன்னார்: "இனிமே உங்களுக்கு வேலையே இல்லை. எல்லாம் ஊசி பார்த்துக்கும்."

காய்ச்சலே இல்லாத வார்டு

முதல் மாதம் காய்ச்சல் ஓட்டையில் ஊசி விட்டால் ஓர் அட்டைகூட விழவில்லை. ஷீட்டைப் பார்த்தால் வார்டு பூரா தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. என்னடா இது கூத்து என்று வார்டுக்கே போனேன். நோயாளிகள் கெஞ்சிக் கேட்க, நர்ஸ் காய்ச்சல் இல்லையென்றே எழுதிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தெர்மாமீட்டர் வைக்கும்போது பக்கத்தில் நிற்பதும் என் தலையில் விழுந்தது.

ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர், காலில் கட்டு, உடம்பு அனலாகக் கொதிக்கிறது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "காச்சல்னு எய்தாதே நைனா. எய்தினா வூட்டுக்கு வுடமாட்டாங்கோ, எனுக்கோசரம் கப்பலு நிக்குமா?"

ஞானம்மா

காய்ச்சல் உண்மையானதும் அட்டைகள் விழ ஆரம்பித்தன. சீழ் வைத்த அட்டைகளை எடுத்து ஒவ்வோர் ஆயாவின் ஓட்டையிலும் ஊசி விட்டால், முக்கால்வாசி விழுந்தது ஆயா ஞானம்மா பெயரில். காசிமேட்டுக்காரர், புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர், மூன்று பிள்ளைகளை ஒண்டியாக வளர்க்கிறவர். தினமும் காலையில் பெரிய டாக்டர் பின்னால் புண்ணுக்குக் கட்டுப் போடும் சாமான் தட்டை ஏந்திப் போவது அவர்தான். திங்கட்கிழமையோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லிப் பெரிய டாக்டர் உத்தரவு. அதை எழுத வேண்டியவனும் நானே. எழுதி, கையெழுத்துக்காக வைத்தேன்.

விஷயம் தெரிந்து ஞானம்மா ரிக்கார்டு ரூமுக்கு வந்தார். அழவில்லை. ஓர் அட்டையை எடுத்து நாலு ஓரமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க பேருக்கெல்லாம் ஓட்டை போட்டுகீறீங்கோ. டாக்டருங்களுக்கு எங்க சார் கீது?"

மூலையில் ஒரு காலி ஓட்டை

மூலையில் ஓர் ஓட்டை மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் சும்மா கிடந்தது. மூன்று நாள் உட்கார்ந்து, கேஸ் ஷீட் கையெழுத்தைப் பார்த்து, பெரிய டாக்டரின் நோயாளிகளுக்கெல்லாம் அதை வெட்டினேன். திங்கட்கிழமை அவர் முன்னாலேயே ஊசி விட்டேன். ஞானம்மா பெயரில் சீழ் வைத்த அட்டைகள் அத்தனையும் விழுந்தன. வார்டில் இன்னொருவர் சின்ன டாக்டர்; அவருடைய நோயாளிகளுக்கும் தட்டு ஏந்தியது இதே ஞானம்மாதான். அவர் நோயாளிகளின் அட்டைகளில் சீழே இல்லை. சின்ன டாக்டர் கட்டிலுக்குக் கட்டில் கை கழுவுவார். பெரிய டாக்டருக்கு அதற்கு நேரம் கிடையாது; ஒரு புண்ணைத் தொட்ட கையோடு அடுத்த புண்.

பெரிய டாக்டர் ஊசியை வாங்கித் தானே இரண்டு தடவை விட்டுப் பார்த்தார். உத்தரவைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு ரவுண்ட்ஸ் போனார். முதல் கட்டிலைப் பார்த்து முடித்ததும் நேரே குழாயடிக்கு நடந்தார். அங்கே துண்டோடு நின்றிருந்த ஞானம்மா சொன்னார்: "நல்லா தேய்ங்கோ டாக்டரு, சோப்பு நெறைய கீது."

வார்டில் சீழ் குறைந்தது, ஞானம்மாவுக்கு வேலை நிலைத்தது, அடுத்த முறை அச்சாகி வந்த அட்டையில் ஆயா ஓட்டைகள் அப்படியே இருக்க அந்த மூலை ஓட்டையை மட்டும் காணவில்லை.