சாம்பலும் சல்பேட்டும்

வடிவம்மாளுக்கு மேலகரத்தில் குத்தகைக்கு எடுத்த ஒரு கத்திரித் தோட்டம் இருந்தது. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் இட்லிக் கடை போடுவாள். அருவியில் குளித்துவிட்டு வருகிற கூட்டத்துக்கு அடுப்பு அணையாமல் எரியும். புளிய விறகுச் சாம்பல் குவியும். சாரலில் நனைந்த சாம்பலைப் போட்டால் செடிக்குப் பலன் இல்லை என்று ஒரு வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டாள். அதிலிருந்து, ஆறிய சாம்பலைத் தகர டின்களில் அடைத்து மூடிவைப்பாள். அவள் புருஷன் அய்யாக்குட்டி அதை வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோவான்.

எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். "பிறந்தப்பமே மருத்துவச்சிகிட்ட, எதுக்கு என்னைய இழுக்கேன்னு கேட்டிருப்பா" என்பான் அய்யாக்குட்டி.

1958 ஆவணியில், சீசன் முடிந்த கையோடு, தென்காசியிலிருந்து ஒரு மூட்டை அம்மோனியம் சல்பேட் உரம் வாங்கி வந்தான். சீனி போல வெள்ளையாக இருந்தது. ஊரில் அதைச் சல்பேட்டு என்றார்கள். சாம்பலும் நல்லது, இதுவும் நல்லது, சேர்த்துப் போட்டால் ஒரே வேலையாக முடியும் என்று வடிவம்மாள் இரண்டையும் கூடையில் கொட்டினாள். காற்றில் சாம்பல் பறந்ததால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கையால் பிசறினாள்.

சற்று நேரத்தில் மூக்கில் சுருக்கென்று ஏறியது. கண்ணில் நீர் முட்டியது.

"ஏட்டி, என்னத்தக் கலந்த? இங்கன வரைக்கும் நெடி வருது" என்றான் வாய்க்காலில் நின்ற அய்யாக்குட்டி.

"சாம்பலும் சல்பேட்டும்தான். வேற ஒண்ணும் இல்ல."

"மூட்டை கெட்டுப்போயிருக்கும்."

அவள் மூட்டைக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள். வாடையே இல்லை. சாம்பல் டின்னை மோந்தாள். அதிலும் இல்லை. கூடையில் மட்டும்தான் அந்த நெடி. இதை எங்கேயோ மோந்திருக்கிறோமே என்று நின்று யோசித்தாள். விடியற்காலையில் தொழுவத்தைத் திறக்கும்போது, மாட்டு மூத்திரம் தேங்கிய மூலையில் அடிக்கிற அதே நெடி.

கலந்ததை வீணாக்காமல் ஒரு பாத்திக்குப் போட்டாள். அடுத்த பாத்தியில் சாம்பலை மட்டும் தூவிக் கொத்திவிட்டு, இரண்டு வாரம் விட்டுச் சல்பேட்டு வைத்தாள். "பாத்திக்குப் பரீட்சை வைக்கா" என்று அய்யாக்குட்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். புரட்டாசி பாதியில் அவன் சிரிப்பு குறைந்தது. தனித்தனியாகப் போட்ட பாத்தியில் இலை கருகருவென்று அகன்று கிடந்தது. கலந்து போட்டதில் செடி இருந்தது, அவ்வளவுதான்.

ஊர் ஊராகப் போய் விவசாய யோசனை சொல்லும் சர்க்கார் ஊழியர், கிராம சேவக் தில்லைநாயகம் சைக்கிளில் வந்தபோது அவரை வரப்பிலேயே நிறுத்தி, அந்த நெடி எதனால் என்று கேட்டாள்.

"அந்த நெடிதாம்மா சத்து. சாம்பல் பட்டா ஆவியாப் போயிரும். ரெண்டையும் ஒண்ணாப் போடக்கூடாது" என்றார் அவர்.

"அப்ப சாணியும் மூத்திரமும் விழுத எருக்குழியில சாம்பலக் கொட்டுதோமே ஐயா, அங்கனயும் இப்படித்தான் போகுமா?"

"போகும்."

வடிவம்மாள் விரலை மடக்கி வருஷங்களை எண்ணினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடைச் சாம்பலில் பாதியை எருக்குழியில்தான் கொட்டியிருக்கிறாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "போனது எங்கன போகும்? மழையில திரும்பி வருமா?"

தில்லைநாயகம் மேலே பார்த்தார். மலைக்கு மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "தெரியலையேம்மா. கேட்டுட்டு வாரேன்."

சொன்னபடி அடுத்த மாதம் வந்தார். "கொஞ்சம் வருமாம். ஆனா உங்க தோட்டத்துலதான் விழும்னு இல்ல."

"யாரு வயல்லயாச்சும் விழட்டும்" என்றாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அதன்பிறகு சாம்பல் டின்களுக்குத் தோட்டத்தில் தனிக் குடிசை வந்தது; எருக்குழிப் பக்கம் சாம்பல் போகவே இல்லை. சுரண்டைச் சந்தையில் காய் விற்கப் போன இடத்தில், இரண்டையும் கலந்தால் சத்து பறந்துவிடும் என்று அய்யாக்குட்டி தானே கண்டுபிடித்தது போல நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த வடிவம்மாள் காதில் அது விழுந்தது. அவளோ, தோட்டத்து ஓரத்தில் நிறையச் சாம்பல் போட்ட புடலைப் பந்தலில் கொழுந்து மட்டும் ஏன் வெளுத்து மஞ்சளாகிறது என்று, எதிரே உட்கார்ந்திருந்த ஆலங்குளத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.