சகாய மாதா மகளிர் விடு

ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் தனக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது என்பது சூசையம்மாளின் கருத்து. எந்தக் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும், எந்த சூப்பர்வைசருக்கு வாய் நீளம், எந்தக் கடைக்காரன் அழுகல் தேங்காயைத் தலையில் கட்டுவான் என்று எதைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லுவாள். ஆனால் தான் ஒன்பது வருடமாக நடத்திக்கொண்டிருப்பது வீடா, விடுதியா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள கோர்ட் வரைக்கும் போக வேண்டியதாகிவிட்டது.

கணவர் ஏசுதாஸ் ஆசை ஆசையாகக் கட்டிய இரண்டு மாடி வீடு அது. அவர் போய்ச் சேர்ந்தார். ஒரே மகன் டெனிசன் துபாய் போய்ச் சேர்ந்தான். காலியாகக் கிடந்த அறைகளில் சூசையம்மாள் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பெண்களைக் குடிவைத்தாள். பதினாறு பேர். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று ‘சகாய மாதா மகளிர் விடுதி’ என முழ உயர எழுத்தில் சுவரில் எழுதவும் வைத்தாள். எல்லாருக்கும் தெரிந்தது. வரி போடுகிறவர்களுக்கும் தெரிந்தது.

இது குடியிருப்பு அல்ல, வணிகக் கட்டடம்; இனிமேல் சொத்து வரி மூன்று மடங்கு என்று நோட்டீஸ் வந்தது. சூசையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்தவர் சண்டைக்கே வரவில்லை. அவளுடைய சுவரின் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்து, நீங்களே விடுதி என்று எழுதி வைத்திருக்கிறீர்களே அம்மா என்றார். தன் எழுத்தே தன்னைக் காட்டிக்கொடுத்ததில் அவளுக்கு வந்த ஆத்திரம் இரண்டு நாள் சாம்பாரில் உப்பாகத் தெரிந்தது.

அந்த வரியைக் கட்டினால் வாடகையை ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் காலி செய்துவிடுவார்கள். பிறகு இரண்டு மாடியில் அவளும், சுவரில் மாட்டியிருக்கும் ஏசுதாஸும் மட்டும்தான். ஆனால் அவள் வெளியே சொன்னதெல்லாம், “நியாயம்னு ஒண்ணு கீது இல்ல?” என்பதுதான்.

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கடைக்கு மேல் ஆபீஸ் வைத்திருந்த வக்கீல் கோதண்டராமன், நோட்டீசைப் படித்துவிட்டு, கேஸே ஒரு வார்த்தையில்தான் நிற்கிறது என்றார். அப்பீல் போடலாம், ஆனால் முதலில் அந்த எழுத்தை மாற்றுங்கள் என்றார். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்க சூசையம்மாளுக்கு மனம் வரவில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ‘வி’யின் தலையில் ஒரு சுழி போட்டு ‘வீ’ ஆக்கி, கடைசி ‘தி’யை அழித்துவிட்டால் விடுதி வீடாகிவிடும். செலவு முந்நூறு ரூபாய்.

பெயிண்டர் சுடலைக்கண்ணு காலையில் வந்து ‘தி’யை சுத்தமாக அழித்தான். மத்தியானம் ஊரிலிருந்து போன் வந்தது, குலதெய்வம் கோயில் கொடை என்று. ஏணியை அப்படியே சாத்திவிட்டுத் தெற்கே பஸ் ஏறிவிட்டான். மூன்று வாரம் ஆளைக் காணோம். அந்த மூன்று வாரமும் சுவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் ‘சகாய மாதா மகளிர் விடு’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. கம்பெனி பஸ் பையன்கள் ஜன்னல் வழியாக, மகளிரை விடுங்கள் என்று கோரஸ் பாடினார்கள். உள்ளே இருந்த மகளிரும் சும்மா இருக்கவில்லை. ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டப் போனால், சுவரைப் படித்துப் பாருங்கள் என்றார்கள்.

சாட்சிக்குப் பாண்டிச்செல்வியைத் தேர்ந்தெடுத்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒயர் பின்னும் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். அந்த வீட்டில் ஐந்து வருடமாக இருக்கிறாள். போன வருடம் அக்கா கல்யாணத்துக்கு என்று ஒரு மாதம் ஊருக்குப் போனதைத் தவிர வேறெங்கும் தங்கியதில்லை. அந்தக் கல்யாணத்தில் சூசையம்மாளுக்கும் பங்கு உண்டு. காஞ்சிபுரத்தில் பார்த்துப் பார்த்து வாங்கிய அரக்குச் சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். மாப்பிள்ளைக்குக் கோவில்பட்டியில் கரண்ட் ஆபீஸ் வேலை என்று கேட்டு வைத்துக்கொண்டாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல், உன் அக்காவுக்கு ஏதாவது விசேஷமா என்று விசாரித்து, அக்கா இப்போது ஐந்தாவது மாதம் என்பது வரைக்கும் வந்திருந்தாள்.

கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று கோதண்டராமன் ஒத்திகை பார்த்தார். ஆன்ட்டி என்று கூப்பிடக் கூடாது, அம்மா என்று சொல்ல வேண்டும். எங்களைப் பெற்ற பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்கிறார் என்ற ஒரே வாக்கியம் போதும். பாண்டிச்செல்வி அதை மனப்பாடம் செய்தாள். சூசையம்மாள் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் பாசமாகச் சொல்லுடி என்று அதட்டினாள்.

கூண்டில் ஏறி உண்மை சொல்வதாக உறுதி கொடுத்ததும் பாண்டிச்செல்வி அந்த வாக்கியத்தைப் பிசகாமல் ஒப்பித்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த செய்யுளைப் போல அது இருந்ததை அவர் கவனித்துவிட்டார். முன்பு எடுத்தது, ‘தி’ அழித்த பிறகு எடுத்தது என்று சுவரின் இரண்டு போட்டோக்களையும் நீதிபதி அம்மாவிடம் நீட்டினார். ‘விடு’வைப் பார்த்ததும் நீதிபதி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு வக்கீல் பாண்டிச்செல்வியிடம் திரும்பி, அங்கே உனக்கு என்னென்ன குறை, பயப்படாமல் சொல்லம்மா என்றார்.

அந்தக் கேள்விக்காகத்தான் ஐந்து வருடமாகக் காத்திருந்தவள் மாதிரி அவள் ஆரம்பித்தாள்.

“நைட் ஷிப்டு முடிச்சு வந்து படுத்தா ஆன்ட்டி ஒறங்க விடமாட்டாவ சார். பத்து மணிக்கு எழுப்பி, தின்னுட்டுப் படுட்டிம்பாவ. ஊர்ல இருந்து பார்சல் வந்தா ஆன்ட்டி முறுக்க எடுத்துக் கடிச்சிட்டு, உங்க அம்மா எண்ணெய மாத்தலன்னு சொல்லுவாவ. ஒரு நா ஒருத்தர் பைக்குல கொண்டாந்து விட்டாரு. அவரு பேரு, அவங்க அம்மா பேரு, வண்டி நம்பர் எல்லாம் நோட்டுல எழுதிட்டாவ. ரெண்டு மாசம் வாடகை குடுக்கல. ஆன்ட்டி அதக் கேக்கல சார், புது சுடிதார் ஏதுன்னு கேட்டாவ.”

அம்மா எல்லாம் காற்றில் பறந்து போய், வாய்க்கு வாய் ஆன்ட்டிதான். கோதண்டராமன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சூசையம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. முறுக்கு விஷயத்தையெல்லாமா கோர்ட்டில் சொல்லுவார்கள்? எதிர்த்தரப்பு வக்கீலுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. இவ்வளவு கஷ்டம் இருக்கிறதே, வேறு நல்ல விடுதிக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்டார்.

பாண்டிச்செல்வி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். கொடுத்த உறுதி அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“போனேன் சார். போன வருசம் ஒரு மாசம் குன்றத்தூர்ல ஒரு விடுதியில இருந்தேன். நல்ல எடம். எப்ப வந்த, எப்ப போன, தின்னியான்னு ஒருத்தரும் கேக்கல. எனக்கு ஒறக்கமே வரல சார். திரும்பி வந்துட்டேன்.”

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சூசையம்மாள் மட்டும் எழுந்து நின்றாள்.

“அப்ப மாசமா கீறது யாருடி?”

நீதிபதி மேஜையைத் தட்டி அவளை உட்காரவைக்க இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சூசையம்மாள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்று ஒருத்தியாவது இருக்கிறாளா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இல்லை, இரண்டும் தம்பிகள்தான் என்றாள் பாண்டிச்செல்வி. இல்லாத அந்த ஐந்து மாதக் குழந்தையை நினைத்து சூசையம்மாளுக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. கூடவே, கூண்டில் நின்று அந்தப் பெண் சொன்னதை நினைக்க நினைக்க சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸில் தூசி என்றாள்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சாட்சியின் குறைகளையெல்லாம் வரிசையாக எழுதி, இது குடியிருப்பே என்று நீதிபதி சொல்லியிருந்தார். பழைய வரியே போதும் என்றாகிவிட்டது. கொடை முடிந்து எப்போதோ வந்துவிட்டு ஒளிந்து திரிந்த சுடலைக்கண்ணுவைப் பிடித்து இழுத்துவந்து ஏணியில் ஏற்றினாள் சூசையம்மாள். அவன் சுழியைப் போட்டு முடிக்கும்போது பாண்டிச்செல்வி பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காத அரக்குச் சேலையோடு வந்து நின்றாள். அதை நீட்டினாள்.

“என்னாண்ட இன்னாத்துக்குக் குடுக்கற? உன் கல்யாணத்துக்குக் கட்டிக்கோ. அதையாவது என்னாண்ட சொல்லிட்டுச் செய்யி.”

பாண்டிச்செல்வி நகரவில்லை. கவரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “சொன்னா கோவப்படுவீகளா ஆன்ட்டி? அவரு வண்டி நம்பர்தான் உங்ககிட்ட இருக்கே,” என்றாள்.

சூசையம்மாள் ஒருத்தியும் போய்விடக் கூடாது என்றுதான் இத்தனை தூரம் கோர்ட் படி ஏறினாள். விடுதியாக இருந்திருந்தால் பாண்டிச்செல்வி அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ரூமைக் காலி செய்திருப்பாள். வீடு என்று கோர்ட்டே சொல்லிவிட்ட பிறகு கல்யாணம் பண்ணித்தான் அனுப்பியாக வேண்டும்.

உள்ளே போய் நோட்டையும் கண்ணாடியையும் எடுத்துவந்தாள்.

“மாப்பிள்ளையோட அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத. நீ சாட்சி சொன்ன லட்சணத்தத்தான் பாத்தேனே.”