கணவனுக்கும் ஒரு ஷிஃப்ட்

"செவ்வாய்க்கிழமை காலை யாரு? சொல்லு" என்று அம்மா பென்சிலால் மேசையைத் தட்டினாள். மகள் கணினியைப் பார்த்துச் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தின் அடுத்த மாத ஷிஃப்ட் அட்டவணை. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. பத்து நாள் கழித்து, தூக்கத்திலேயே அம்மா போய்விட்டாள்.

மகள் மென்பொருள் எழுதுபவள். பொத்தானை அழுத்தினால் அட்டவணை வந்து விழும்படி ஒருமுறை செய்து கொடுத்தாள். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. குழந்தைக்கு எப்பப் பசிக்கும்னு இதுக்குத் தெரியுமாடி?"

அம்மா தலைமை டெக்னீஷியன். அவளுக்குக் கீழே பதினோரு பெண்கள். ஒவ்வொருத்தியிடமும் முதலில் கேட்பது: "உன் வீட்டுல எந்த நேரம் நீ இல்லாம நகராது?" அட்டவணையின் கடைசிக் கட்டம் அந்தப் பெண்ணின் கணவனுக்கு. அவனுக்கும் ஷிஃப்ட் உண்டு. தானே போன் செய்வாள்: "தம்பி, புதன்கிழமை உங்க டியூட்டி. வீட்டுல. ஆமா, குளிப்பாட்டறதும் சேர்த்துத்தான்." ஒருவர் லீவு கேட்டுப் பார்த்தார். "தாராளமா. மாத்து ஆள் விட்டுட்டுப் போங்க." கூடமே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

ஊசியைக் கண்டு நடுங்கும் மீசைக்காரரிடம், "எனக்கும் பயம்தான். ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கலாமா?" என்பாள். அவர் பதறி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்தாகியிருக்கும்.

அந்தக் கடைசி அட்டவணையில் அடித்தல் திருத்தல் எல்லாம் ஒருத்திக்காக. ஸ்கேன் அறைப் பெண்ணுக்கு ஐந்து மாதக் குழந்தை. வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று நின்றாள். "அழுது அழுது படிச்ச படிப்பு. அதை வீட்டுல வெச்சுப் பூட்டறதா?" என்று அம்மா நான்காம் முறையாக அழித்து எழுதினாள். காலை அவளுக்கு ஸ்கேன், கணவனுக்குக் குழந்தை.

அம்மா போய் மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் சீருடையோடு வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அம்மாகிட்ட ராஜினாமா லெட்டர் குடுத்திருந்தேன். நானே ஆபீஸ்ல சேர்த்துடறேன்னாங்க. அங்க யாரும் ஒரு வார்த்தை கேக்கல. பயத்துல நானும் கேக்கல."

"இப்ப நான் சேர்க்கணுமா?"

"ஐயோ, வேணாம்க்கா! சேர்ந்துடுச்சோன்னுதான் பயந்தேன். அவர் டியூட்டிக்கு ஒழுங்கா வர்றாரு. குழந்தைக்கு ஜடைகூடப் போட்டுப் பாக்கறாரு, இன்னும் முடியே முளைக்கல!"

இருவரும் சிரித்து ஓய்ந்தபின் மகள் அம்மாவின் கைப்பையைத் திறந்தாள். உறை ஒட்டியபடியே இருந்தது. ஆபீஸ், கூடத்துக்கு அடுத்த கதவு. அம்மா தினமும் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போவாள்.